திண்ணைக்கும் மருத்துவமனைக்கும் இடையே

கண்புரையை அகற்றச் சில நிமிஷங்கள் போதும். அந்தச் சில நிமிஷங்களுக்காக ஒரு மனிதரைக் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஊரே சேர்ந்து பொருளும் உழைப்பும் திரட்ட வேண்டியிருக்கிறது. மதுரைச் சீமையில் அது நடந்துவரும் விதத்தைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

வைத்திய சாஸ்திரம் தீர்க்கும் வழியை ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறிந்துவிட்ட ஒரு நோயினால், அந்த வழி தங்கள் வாசலை வந்து எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, லட்சக்கணக்கான மனிதர்கள் பார்வையின்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நம் காலத்து விசித்திரங்களில் ஒன்று. கண்ணுக்குள் இயற்கை வைத்திருக்கும் தெளிந்த வில்லை, வயது முதிர முதிர மங்கி, நாளடைவில் ஒளியை உள்ளே விடாமல் மறைத்துவிடுவதைத்தான் கண்புரை என்கிறோம். அந்த மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்துவதற்குத் தேர்ந்த நிபுணருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை. தையல்கூட இல்லாத சிறு கீறலோடு காரியம் முடிந்து, மறுநாள் கட்டை அவிழ்த்ததும் நோயாளி எதிரில் நிற்பவருடைய முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறார். அப்படியிருந்தும், 2015 முதல் 2019 வரை இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 50 வயதைத் தாண்டியவர்களிடையே காணப்படும் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் என்று தெரிவித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட பார்வை பற்றிய உலக அறிக்கையோ, பூமியெங்கும் பார்வைக் குறையோடு வாழும் குறைந்தபட்சம் 220 கோடி மக்களில், 100 கோடிப் பேருக்காவது அந்தக் குறை தடுத்திருக்கக் கூடியதாகவோ இன்னும் உரிய சிகிச்சை கிட்டாததாகவோ இருக்கிறது என்று கணக்கிட்டது.

கத்தியும் வில்லையும் காத்திருக்க, நோயாளி மட்டும் ஏன் வந்து சேரவில்லை? கிராமங்களுக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த விடைகள் எல்லாம் மிகச் சாதாரணமானவை. கூட வர ஆள் இல்லை. ஒரு கண்ணில் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. கத்தி என்றாலே பயம். களையெடுப்புக் காலம், இப்போது நகர முடியாது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேறு ஒருவரும் இல்லை. 'புரை இன்னும் முத்தலை' என்று வருஷக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. பழைய முறை அறுவைக் காலத்தில் புரை முதிரட்டும் என்று வைத்தியர்களே சொல்லி அனுப்பியதுண்டு, முறை மாறிய பிறகும் அந்தப் பேச்சு ஊரில் தங்கிவிட்டது. மகனுக்கு ஆகப்போகும் செலவை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, 'போற காலத்துல எனக்கு எதுக்குய்யா கண்ணு?' என்று வெளியே வேறு விதமாகச் சொல்லும் தாய்மாரும் குறைவில்லை.

அறுவை இலவசம் என்று ஒரு பலகையை மாட்டிவிட்டால் இவர்கள் அனைவரும் வந்துவிடுவார்கள் என்று நினைப்பது, ஏழையின் செலவுக் கணக்கை அறியாதவர்கள் செய்யும் பிழை. பஸ் கட்டணம், துணைக்கு வருகிறவர் இழக்கும் நாட்கூலி, பட்டணத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு, ஆட்டையும் மாட்டையும் அந்த நாட்களில் ஒப்படைத்துப் போக ஓர் ஆள், இவற்றுக்கெல்லாம் மேலாக, முன்பின் தெரியாத கட்டிடத்தில் முன்பின் தெரியாதவரிடம் கண்ணைக் கொடுப்பதற்கான துணிச்சல் ஆகிய யாவும் சேர்ந்ததுதான் அந்த இலவச அறுவையின் விலை. இந்த விலையைத் தனி மனிதர் தலையிலிருந்து இறக்கி ஊரார் பொதுவில் ஏற்றுக்கொள்ளும்போதுதான், பார்வைக்காகத் திரட்டப்படும் நிதி தன் முழுப் பயனையும் அடைகிறது என்பது இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம்.

அம்பலத்திலிருந்து முகாமுக்கு

பார்வையற்றோருக்காக ஊரில் பொருள் திரட்டும் கைங்கரியம் மதுரைக்குப் புதிதன்று. மணிமேகலைக் காவியத்தில் வரும் ஆபுத்திரன், ஊராரால் விலக்கப்பட்டு மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுவீடாகப் பிச்சையேற்று, கண்ணற்றோரையும் செவியற்றோரையும் நடக்கமாட்டாதோரையும் அழைத்து உண்பித்த பிறகே மிச்சத்தைத் தான் உண்டான் என்பது கதை. அந்த நாளில் கருணையுள்ள மனிதன் குருடருக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான். சோறு போடலாம், கண் கொடுக்க முடியாது. கண்ணையே திருப்பிக் கொடுக்க இயலும் என்று ஆகிவிட்ட பிறகு, அதே மதுரையில் தர்மத்தின் அளவும் தன்மையும் மாறவேண்டியிருந்தது.

தென்பாண்டி நாட்டு வணிக ஊர்களில் மகமை என்றொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி, அதை உறவின் முறையார் கணக்கு வைத்து நிர்வகிப்பார்கள். விருதுநகரில் 1889-ல் தோன்றி, பின்னாளில் காமராஜர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை, மகமைப் பணத்தாலும், வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் தினந்தோறும் எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்ந்தது என்பர். ஒருவர் பெருந்தொகை கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்வதற்கும், எல்லோரும் சிறுதொகை கொடுத்து எல்லோரும் கணக்குக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதில், கொடுப்பவர் காரியத்தோடு கட்டுண்டு போகிறார். கண் முகாம்களுக்கு ஊர்ப் பொதுமக்களே முன்னின்று ஏற்பாடு செய்யும் வழக்கம் இந்த மண்ணில் எளிதாக வேர்விட்டதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் கண் முகாம் என்ற முறைக்கு வழிகாட்டிகள் வேறு பிரதேசங்களிலும் இருந்தார்கள். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் டாக்டர் மத்ரா தாஸ், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெருங்கூட்டமாக வந்த ஏழைகளுக்குப் புரை அகற்றிப் புகழ்பெற்றார். கர்நாடகத்து டாக்டர் எம். சி. மோடி ஊர் ஊராகச் சென்று, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அறுவை செய்யும் வேகத்தால் வியப்பூட்டினார். பள்ளிக்கூடத்து வகுப்பறையே அறுவைக் கூடமாகவும், சத்திரத்துத் தாழ்வாரமே நோயாளிகளின் விடுதியாகவும் அமைந்த காலம் அது. உள்ளூர்த் தனவந்தர்கள் அரிசியும் பருப்பும் அனுப்ப, இளைஞர்கள் கஞ்சி ஊற்ற, கட்டுப்போட்ட கண்களோடு வரிசையாகப் படுத்திருப்பவர்களைப் பார்க்க ஊரே திரண்டு வரும். அந்த வைத்தியர்களின் தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஆயினும், வகுப்பறையை எவ்வளவு கழுவினாலும் அது அறுவைக் கூடமாகிவிடாது. கிருமி புகுந்தால் ஒரே நாளில் பலருடைய கண் போய்விடும் அபாயம் எப்போதும் தலைமேல் தொங்கிற்று. மேலும், அக்காலத்து அறுவையில் இயற்கை வில்லையை எடுப்பதோடு சரி. நோயாளிகள் 'சோடாபுட்டி' என்று பேர்பெற்ற தடித்த கண்ணாடியை அணிந்துதான் உலகத்தைப் பார்க்கவேண்டும், அது உடைந்தாலோ தொலைந்தாலோ பழைய இருள் திரும்பிவிடும். அறுவையை மருத்துவமனையிலும், நோயாளியைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஊரிலும் செய்வது என்று வேலையை இரண்டாகப் பிரித்தபோதே இந்தக் கைங்கரியம் பத்திரமான நிலைக்கு வந்தது.

பதினொரு படுக்கைகள்

அப்படிப் பிரித்து, அதை ஒழுங்கான அமைப்பாக வளர்த்தவர்களில் தலையாயவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வடமலாபுரம் என்ற சிற்றூரில், 1918-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் படித்து, ராணுவ வைத்தியப் பணியில் இருந்தபோது கடுமையான மூட்டுவாதம் அவரைத் தாக்கி, விரல்களை நிரந்தரமாக முறுக்கிவிட்டது. பிரசவ வைத்தியராக வேண்டுமென்று கொண்டிருந்த ஆசையைக் கைவிட்டு, கண் வைத்தியத்துக்குத் திரும்பி, கோணிய அந்த விரல்களுக்கு இசைந்த வகையில் கருவியைப் பிடிக்கப் பழகி, தம் ஆயுட்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார் என்றால், அந்தப் பிரயாசையை என்னவென்று சொல்வது? மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் பிரிவுத் தலைவராக இருந்த காலத்திலேயே கிராம முகாம்களை நடத்திப் பழகியவர் அவர். சிறுவயதிலேயே பார்வையை இழந்தும், காமன்வெல்த் நாடுகளில் பார்வையற்றோருக்காகப் பெரியதொரு ஸ்தாபனத்தை 1950-ல் தொடங்கி நடத்திய ஆங்கிலேயரான சர் ஜான் வில்சனுடைய சிநேகமும் ஊக்கமும் அவருக்குக் கிடைத்தன.

58-ஆம் வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1976-ல், மகான் அரவிந்தரின் பெயரால், மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சகோதரி டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும், கட்டிட வேலைகளைக் கவனித்த சகோதரர் சீனிவாசனும், குடும்பத்தைச் சேர்ந்த பிறரும் இதில் முழுமூச்சாக இறங்கினார்கள். வங்கிகள் கடன் தரத் தயங்கிய அந்த நாட்களில் வீடு அடமானத்துக்குப் போயிற்று, பெண்களின் நகைகளும் போயின. அந்த ஸ்தாபனமே பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி முதலிய ஊர்களில் கிளைவிட்டு, உலகத்தில் மிக அதிகமான கண் அறுவைகளைச் செய்யும் ஸ்தாபனங்களில் ஒன்றாகியிருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் வருஷம் ஜூலை மாதம் காலமானார்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் கொடுக்க வல்லவர்களிடம் நியாயமான கட்டணம் வாங்கி, அதில் மிஞ்சுவதைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ அறுவை செய்வது என்ற ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்துவந்திருக்கிறது. வருகிறவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, எந்த வாசலில் நுழைவது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ளலாம். செய்யப்படும் அறுவைகளில் ஏறத்தாழப் பாதி, இப்படிக் குறைந்த செலவிலோ செலவின்றியோ நடப்பவை. எனவே, அறுவைச் செலவுக்காக ஊராரிடம் உண்டியல் குலுக்கவேண்டிய அவசியம் அந்த மருத்துவமனைக்கு இல்லை. அப்படியானால் ஊரார் எதற்காகப் பணம் திரட்டுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

விடை முகாமில் இருக்கிறது. லயன்ஸ் அல்லது ரோட்டரி சங்கம், வியாபாரிகள் சங்கம், நூற்பாலை, வங்கி, கல்லூரி, கோயில் அறக்கட்டளை, ஏதேனும் ஒரு குடும்பம் தம் முன்னோர் நினைவாக என்று யாராவது ஒருவர் முகாமை ஏற்று நடத்த முன்வருகிறார். சில வாரங்களுக்கு முன்பே மருத்துவமனையின் முகாம் அமைப்பாளர் ஊருக்கு வந்து உட்கார்ந்து, எந்தத் தேதி என்று பேசுவார். சந்தை நாள் ஆகாது, கோயில் கொடை ஆகாது, நடவும் அறுப்பும் மும்முரமாக இருக்கும் வாரம் ஆகாது. இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊர், எந்த ஊரில் யாரைப் பிடித்தால் செய்தி பரவும், மைக் கட்டிய ஆட்டோ எந்த வழியாகப் போகவேண்டும், நோட்டீஸ் எத்தனை அடிக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த உட்காரலில் முடிவாகும். விளம்பரச் செலவும், இடமும், மேஜை நாற்காலியும், குடிநீரும், வந்தவர்களுக்கும் ஊழியர்களுக்கும் சாப்பாடும் ஏற்று நடத்துகிறவர்களின் பொறுப்பு. டாக்டர்களும், பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்களும், கருவிகளும், அறுவையும், மருந்தும், வில்லையும் மருத்துவமனையின் பொறுப்பு.

முகாமன்று விடிந்ததும் விடியாததுமாக ஜனங்கள் வந்து குந்தியிருப்பார்கள். பெயர்ப் பதிவு, தூரத்தில் மாட்டிய எழுத்தையோ குறியையோ காட்டிப் பார்வை அளத்தல், கண்ணின் அழுத்தம், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, பிறகு டாக்டரின் பரிசோதனை என்று வரிசை வகுப்பறைக்கு வகுப்பறை நகரும். கண்ணாடி மட்டும் வேண்டியவர்களுக்குப் பல முகாம்களில் அங்கேயே சட்டம் தேர்ந்து, வில்லை அறுத்து, மாலைக்குள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு நாள் வா என்றால் அந்த நாள் வராமலே போய்விடும் என்பதை அனுபவம் கற்பித்திருக்கிறது. அறுவை தேவை என்று குறிக்கப்பட்டவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றே பஸ்ஸில் ஏற்றப்படுகிறார்கள். இரண்டு மூன்று நாள் மருத்துவமனையில் தங்கி, அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையுமாக அதே பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, முகாம் நடந்த ஊரிலேயே மறு பரிசோதனை நடைபெறும்.

ஒரே பஸ்ஸில் ஒரே வட்டாரத்தார் சேர்ந்து போவதன் பலன் சாமானியமானதன்று. பக்கத்துப் படுக்கையில் இருப்பவள் கீழத்தெரு மாரியம்மாவாகவும், எதிர்ப் படுக்கையில் இருப்பவர் பழைய தலையாரியாகவும் இருக்கும்போது, பட்டணத்து மருத்துவமனையும் பாதி ஊராகிவிடுகிறது. தனியாக வந்திருந்தால் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கக் கூடிய கிழவி, துணைக்கு மகன் வராத குறையை மறந்து, இரவு முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறாள். ஊரார் சேர்த்த பணம் வாங்கிக் கொடுத்தது இந்தத் துணையைத்தான்.

கச்சேரிப் பணமும் கண் வில்லையும்

தூர தேசத்து மக்கள் திரட்டிய பணமும் மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கதை சுவாரஸ்யமானது. 1925-ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் கூடிய லயன்ஸ் சங்க மகாநாட்டில், பார்வையும் செவியும் அற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும் வீரர்களாக வரும்படி அவர்களை அழைத்தார். அன்று முதல் கண் பணி அந்தச் சங்கத்தாரின் தலையாய விரதமாயிற்று. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, உலகெங்கும் உள்ள தங்கள் சங்கங்களில் ஊர் ஊராகப் பணம் திரட்டி, பார்வைக்கு முதலிடம் என்ற பொருள்பட அவர்கள் எழுப்பிய நிதி, முதல் சுற்றில் 14 கோடி டாலரையும், இரண்டாம் சுற்றில் 20 கோடி டாலரையும் தாண்டியது. மற்ற கண் மருத்துவமனைகளுக்கு இந்த நிர்வாக முறையைக் கற்றுக்கொடுப்பதற்காக 1992-ல் மதுரையில் அமைந்த லயன்ஸ் அரவிந்த் பயிற்சி நிலையத்துக்கு அந்த நிதியின் ஒரு பகுதி துணை நின்றது. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் உள்ள நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அங்கே பாடம் கேட்டுச் சென்றிருக்கின்றன.

பெரியம்மையை ஒழிக்கும் பணியில் இந்தியாவில் உழைத்துத் திரும்பிய அமெரிக்கர்கள் சிலரும் அவர்களுடைய நண்பர்களும் 1978-ல் தொடங்கிய சேவா என்ற அறநிலையத்தின் தொடக்கத்தில் டாக்டர் வெங்கடசாமியும் பங்கு கொண்டார். கிரேட்ஃபுல் டெட் போன்ற ராக் இசைக் குழுவினர் அதற்காகக் கச்சேரிகள் செய்தார்கள். கலிபோர்னியாவின் அரங்குகளில் நீண்ட தலைமுடியோடு ஆடிப் பாடிய இளைஞர்கள் கொடுத்த நுழைவுக் கட்டணம், நேபாளத்து மலைக் குடியானவருக்கும் மதுரைக் கிராமத்தாருக்கும் கண்ணொளியாக வந்து சேர்ந்தது என்பதை எண்ணும்போது, தர்மத்தின் பாதைகளை முன்கூட்டி வகுத்துவிட முடியாது என்றே தோன்றுகிறது.

வந்த பணத்தைச் செலவழித்த விதந்தான் இதில் பாராட்டுக்குரியது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒன்றின் விலை சுமார் 100 டாலர் அளவில் இருந்தது. பணமுள்ளவருக்கு வில்லை, இல்லாதவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஒரே மருத்துவமனைக்குள் இரு ஜாதிகள் உண்டாகும் நிலை. தர்மப் பணத்தைக் கொண்டு அந்த விலையுயர்ந்த வில்லைகளை வாங்கி ஏழைகளுக்கு வழங்கியிருக்கலாம். பணம் தீர்ந்ததும் வில்லையும் தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல், சேவா முதலிய நண்பர்களின் உதவியோடு 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை நிறுவி, வில்லையைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கி, பின்னர் அதற்கும் கீழே போயிற்று. இன்று அந்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. நன்கொடையை உண்டு தீர்க்காமல் முதலாக்கிய இந்தத் தீர்மானத்தின் பலனை, ஒரு நன்கொடையும் பெறாத தேசத்து ஏழைகளும் அனுபவிக்கிறார்கள்.

வராதவர்கள்

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பிறகும் ஒரு கசப்பான உண்மை எஞ்சி நின்றது. கிராமங்களில் வீடுவீடாகச் சென்று நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கண் குறையுள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேதான் என்று காட்டியது. முகாம் மைதானத்தில் நின்று பார்ப்பவருக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் பெரும்பாலோர் அங்கேயே இருக்கிறார்கள். பத்திரிகையில் வந்த முகாம் புகைப்படத்தைக் கண்டு திருப்தியடைந்து விடாமல், தம்முடைய வேலையின் குறையைத் தாமே அளந்து பார்த்துக்கொண்ட அந்த நேர்மையிலிருந்துதான் அடுத்த ஏற்பாடு பிறந்தது.

2004 முதல் தேனி வட்டாரத்தில் தொடங்கி, சிற்றூர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டன. கிராமத்துப் பெண்களில் தேர்ந்து பயிற்சி தரப்பட்டவர்கள் அங்கே இருப்பார்கள். நோயாளியின் கண்ணைக் கருவியால் சோதித்து, கம்பியில்லாத் தொடர்பின் வழியாகப் பெரிய மருத்துவமனையிலுள்ள டாக்டருக்குக் காட்டி, அவரும் நோயாளியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளச் செய்வார்கள். நூறு பேர் வந்தால் பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ மருந்தோ போதும். அவர்கள் பட்டணத்துக்குப் போகவேண்டியதில்லை. இப்போது இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வருஷத்துக்கொரு நாள் வந்து போகும் முகாமுக்கு வர முடியாதவர், எந்த நாளும் திறந்திருக்கும் வாசலுக்கு வருகிறார்.

வராதவர்களை வரவழைப்பது எப்படி என்பதைப் பற்றி, மதுரைச் சுற்றுப்புறக் கிராமங்களில் எண்பதுகளில் நடந்து 1991-ல் பிரசுரமான இன்னோர் ஆராய்ச்சியும் உண்டு. ஒலிபெருக்கி, நோட்டீஸ், படக்காட்சி என்று பலவற்றையும் சோதித்துப் பார்த்ததில், பிரயாணமும் உணவும் சேர்த்து முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு, ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரையே வீடுவீடாக அனுப்பிப் பேசவைத்தபோது பலன் அதிகமாயிருந்தது. டாக்டர் சொல்லும் ஆயிரம் சமாதானங்களுக்கு அசையாத கிழவர், 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, வலியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே' என்று பக்கத்துத் தெருக்காரர் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். ஆகவே, ஓர் ஊரில் பார்வை பெற்றவர்களே அந்த ஊரின் மிகப் பெரிய மூலதனம். அவர்களைத் தேடிப்பிடித்து அடுத்த முகாமுக்குத் தூதர்களாக அனுப்பாத சங்கம், தன் நிதியில் பாதியை வீணாக்குகிறது.

பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. உலகெங்கும் பார்வையிழந்தோரில் பெண்களே அதிகம். வீட்டில் கிழவருக்கும் கிழவிக்கும் புரை விழுந்தால் கிழவர் முதலில் போவார். கிழவியின் முறை வருவதற்குள் ஒரு கல்யாணமோ ஒரு பிரசவமோ குறுக்கிடும். அவளை அழைத்துப்போக ஒரு பெண்ணையும், அவள் திரும்பும்வரை வீட்டைப் பார்க்க ஒருவரையும் ஏற்பாடு செய்யும் சங்கத்தார், அறுவைக் கூடத்துக்குப் புதிய கருவி வாங்கித் தருகிறவர்களுக்குச் சிறிதும் குறையாத உபகாரத்தைச் செய்கிறார்கள்.

வருமுன் காக்கும் செலவு

சிகிச்சையைப்போலவே தடுப்பும் ஊரின் பொருளை எதிர்பார்த்திருக்கிறது. ஆனால் அதற்குக் கூட்டம் கூடுவதில்லை, பொன்னாடை போர்த்துவதுமில்லை. கதிரடிக்கும்போது நெல் உமியோ வைக்கோல் துரும்போ கண்ணில் பட்டுக் கீறிவிட, அதற்குப் பச்சிலைச் சாற்றையோ தாய்ப்பாலையோ விட்டுக் காலம் கடத்தி, கருவிழி புண்ணாகிப் பூ விழுந்துபோவது நம் நெல்வயல் பிரதேசங்களில் பழகிப்போன துன்பம். நேபாளத்து பக்தபூரில், கிராமத்துத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்து, கீறல் பட்டவுடன் கிருமிநாசினிக் களிம்பை மூன்று நாள் இடச் செய்தே இந்தப் புண்ணைத் தடுக்கலாம் என்று 2001-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி வாங்கித் தருவது, நீரிழிவு உள்ளவர்களை வருஷத்துக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புவது, கீரையும் பப்பாளியும் குழந்தையின் தட்டில் விழும்படி பார்ப்பது ஆகிய யாவும் சொற்பச் செலவில் ஆகக்கூடியவை.

பணமே தேவைப்படாத கொடையும் ஒன்று உண்டு. கருவிழி கெட்டவருக்கு இன்னொரு மனிதரின் கருவிழியைத் தவிர வேறு மருந்து இல்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் குடும்பத்தார் சம்மதித்து ஆளனுப்பினால் போதும். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-ல் தொடங்கிய கண் தானச் சங்கம், பௌத்த மக்களின் தான உணர்வைத் தொட்டு எழுப்பி, ஒரு சிறிய தீவிலிருந்து உலகின் பல தேசங்களுக்கும் கருவிழிகளை அனுப்பி வந்திருக்கிறது. உத்தேசத்தில் உறுதியுள்ள சிலர் இருந்தால் ஒரு சமூகத்தின் கொடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கொடுப்பவர் கேட்கவேண்டியவை

1976-ல் மத்திய அரசாங்கம் பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டில் 1.4 சதவீதமாக இருந்த பார்வையிழப்பை 0.3 சதவீதத்துக்குக் குறைப்பதென்று இலக்கு வைத்தது. 2019-ல் வெளியான கணக்கு 0.36 சதவீதம் என்று சொல்லிற்று. அளவு முறைகள் இடையில் மாறியிருந்தாலும், அரசாங்கமும் மருத்துவமனைகளும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து இழுத்த பாரம் நகர்ந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இனி எஞ்சியிருப்பவர்கள்தான் எட்டுவதற்குக் கடினமானவர்கள்: தனித்து வாழும் விதவை, மலைக்கிராமத்தார், படுக்கையில் கிடப்பவர், மகன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட வீட்டுக் கிழவர்.

ஆதலால், கண் பணிக்கென்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவரிடம் நன்கொடையாளர் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்பதோடு, அவர்களில் எத்தனை பேருக்கு நல்ல பார்வை வந்தது என்றும் கேட்கவேண்டும். அறுவை எங்கே நடந்தது, மறு பரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், ஏற்கெனவே ஒரு கண் செய்தவருக்கு மறு கண்ணும் சேர்த்து எண்ணிக்கை காட்டப்பட்டதா, இரு கண்ணும் தெரியாதவர் தேடப்பட்டாரா என்பனவும் கேள்விகளே. விடை சொல்லத் தயங்காத ஸ்தாபனத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சைக் கட்டோடு வரிசையாக நிற்கவைத்து எடுத்த படத்தில், கொடுத்தவரின் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைக் கொண்டு தர்மத்தை அளக்கும் வழக்கம் ஒழிவதற்கும் இதுவே உபாயம்.

நிதி திரட்டும் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். முகாமன்று மாலை ஜமக்காளத்தைச் சுருட்டியதோடு உங்கள் கணக்கு முடிவதில்லை. ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்குக் கடைசி மனிதரும் வந்து போன பிறகே அதை மூடலாம். அப்போதும் இன்னொரு நோட்டுப் புத்தகம் திறந்தே இருக்கவேண்டும். குறித்து வைத்தும் பஸ் ஏறாதவர்கள், வீட்டில் இருந்தும் முகாமுக்கே வராதவர்கள், ஒவ்வொருவருக்கும் தடையாக நின்றது என்ன என்ற விவரம் அதில் தெரு வாரியாக எழுதப்பட்டிருந்தால், அடுத்த வருஷத்து நிதியை எதற்காகத் திரட்டவேண்டும் என்பதை எந்த நிபுணரும் வந்து சொல்லவேண்டியதில்லை. கீழத்தெருவில் இருவருக்குத் துணை ஆள், காலனியில் ஒருவருக்கு ஆட்டோ, தோப்புக் குடிசையில் ஒருத்திக்கு நான்கு நாள் ஆடு மேய்க்க ஒரு பையன் என்று அந்தப் புத்தகமே சொல்லிவிடும். இத்தகைய புத்தகம் ஒன்றை வைத்திருக்கும் ஊரில் தவிர்க்கக்கூடிய குருட்டுத்தன்மை நெடுநாள் தங்க முடியாது.